பாய் கடை வெண்கலப் பானை

நேற்று பேத்தி செல்போனை இரண்டு தட்டு தட்டிவிட்டு, மாமாவுக்குத் தீபாவளிப் பரிசு வாங்கியாச்சு அம்மாச்சி என்றாள். இன்றைக்குப் பெட்டி வந்துவிட்டது. பிரித்தால் பசையும் புது அட்டையும் கலந்த வாசனை. சிவகாசியில் டைரி அச்சடிக்கிற கம்பெனி வாசலில் நின்றால் வருமே, அதே வாசனை. எனக்குத் தீபாவளிப் பரிசு என்றால் புளி போட்டுத் தேய்த்த வெண்கலத்தின் வாசனைதான் வர வேண்டும். ஏன் என்று கேளுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் அந்தப் பேத்திதான், பாதியில் எழுந்து போனால் நான் பொறுப்பில்லை.

ரெண்டாயிரம் பிறந்து கொஞ்ச வருஷம்தான் இருக்கும். நான் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி சொருகிக்கொண்டிருந்தேன். மகளை விருதுநகரில், பருப்பு மில்லில் வேலை பார்க்கிற பையனுக்குக் கட்டிக் கொடுத்து, அந்த வருஷம் தலைதீபாவளி. மருமகனின் அம்மாவை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன், அவரும் என்னை அப்படித்தான். லேசுப்பட்ட ஆள் இல்லை. கல்யாணத்தில் நாங்கள் வைத்த எவர்சில்வர் பாத்திரத்தைச் சபையிலேயே விரலால் தட்டிப் பார்த்து, "சத்தம் தகர டப்பா மாதிரில்ல இருக்கு" என்றவர். தலைதீபாவளிக்கு அழைக்கப் போகும்போது கொண்டுபோகிற சீர் பிடிக்கவில்லை என்றால், மில்லில் லீவு இல்லை என்று பிள்ளைகளை நிறுத்திவிடுவார். மகளோ அம்மா வீட்டுக்கு எப்போது வருவோம் என்று ஏங்கிக் கிடக்கிறாள்.

பட்டாசு கொண்டு போகலாம்தான். சிவகாசிக்காரி பட்டாசு கொடுத்தால் அதை யார் சீர் என்பார்கள்? கம்பெனியில் சும்மா கொடுத்திருப்பார்கள் என்று நினைப்பார்கள். அப்படிச் சும்மா கொடுக்கிற கம்பெனியை நானும் ரொம்ப வருஷம் தேடினேன்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் பாய் ஒருத்தரின் பழைய சாமான் கடைக்குப் போனேன். ஓடாத கடிகாரம், கால் போன தையல் மிஷின், மூக்கு உடைந்த கூஜா என்று எல்லாம் குவிந்து கிடக்கும். பழக்கதோஷத்தில் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே காலை வைத்தேன். கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் வெறுங்காலோடுதான் போவோம். பாய் பதறிப்போய், செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள் தாயி, கீழே ஆணி கிடக்கிறது என்றார்.

மூலையில் ஒரு வெண்கலப் பானை. தட்டினேன். கோயில் மணி தோற்றது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, மதினி தட்டட்டும், நன்றாகத் தட்டட்டும் என்று. பாய் சொன்னார், "நல்ல குடும்பத்துச் சாமான் தாயி. கடுக்கன் போட்ட ஒரு பெரியவரு சைக்கிள் கேரியர்ல வச்சு, துண்டப் போத்திக் கொண்டாந்தாரு."

பானையின் விளிம்பில் புள்ளி புள்ளியாக யார் பேரோ வெட்டியிருந்தது. பள்ளிக்கூட வாசல் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாதவள் நான், அதில் எதை வாசிக்க? வேறு ஆள் பேர் எதற்கு, அழித்துத் தருகிறேன் என்று பாய் அரத்தை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தார். கர்ர்ரென்று சத்தம். அடுத்த நிமிஷம் நான் தெருவில் நிற்கிறேன். இரும்பு உரசுகிற சத்தம் கேட்டால், எங்கே பொறி பறக்குமோ என்று எங்கள் கால் எங்களைக் கேட்காது. கம்பெனியில் யாராவது வாளியைத் தரையில் இழுத்தால், போர்மேன்கூட வெளியே ஓடிப்போய் நின்றுகொண்டுதான் திட்டுவார்.

"இங்கன என்ன வெடிமருந்தா கெடக்கு, ஏன் தாயி ஓடுறீக?"

"அரத்தக் கீள வைங்க பாய். பேரு கெடந்துட்டுப் போகட்டும்" என்று வாசலில் நின்றபடியே பேரம் பேசி வாங்கினேன்.

புளி போட்டுத் தேய்த்து, உள்ளே அதிரசத்தை அடுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். சம்பந்தி வீட்டில் மதினியின் வீட்டுக்காரர், எங்கள் சம்பந்தகாரர், டேப் ரிக்கார்டரில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பூப்போட்ட உறையெல்லாம் உண்டு. பானையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன். மதினி தட்டினார். முகம் மலர்ந்தது. அப்புறம் விளிம்பைப் பார்த்தார். வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் போனார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பழைய பானை என்று தெரிந்துவிட்டது, இனி மகள் வந்த மாதிரிதான் என்று நினைத்து நானும் எழுந்துவிட்டேன்.

"மதினி, இது எங்க ஆத்தா எனக்குச் சீரா குடுத்த பானை. எங்க ஆத்தா பேரு வெட்டிருக்கு. எங்கன பிடிச்சீக இத?" என்றார் என்னைப் பார்த்து.

திருவிழாவுக்கு வீட்டில் கூட்டமாக இருந்தபோது களவு போனதாம். வந்துபோன தன் தங்கச்சிதான் எடுத்தாள் என்று அவளோடு பேச்சுவார்த்தையே இல்லையாம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வாய் சும்மா இருக்குமா? கடையைச் சொன்னேன், பாயைச் சொன்னேன், துண்டு போர்த்திய சைக்கிளைச் சொன்னேன். "கடுக்கன் போட்ட ஒரு பெரியவரு" என்கிறபோது என் கண் தற்செயலாகச் சம்பந்தகாரர் காதில் போய் விழுந்தது. கடுக்கன் மினுங்கியது. "ஆனா எந்தக் காதுலன்னு பாய் சொல்லல" என்று முடித்தேன்.

சம்பந்தகாரர் எழுந்து போய் டேப்பை நிறுத்தினார். அந்தப் பானையைக் கொடுத்துத்தான் அதே கடையில் அந்த டேப்பையே எடுத்தாராம். மதினி அவரைத் திட்டவில்லை. என் பக்கம் திரும்பி, "பிள்ளைகள நாளைக்கே கூட்டிட்டுப் போங்க மதினி. நான் தீவாளிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். இங்கன அடுப்பு எரியாது" என்றார். அந்தத் தலைதீபாவளிக்கு என் வீட்டில் மருமகனுக்குப் பக்கத்தில் சம்பந்தகாரரும் இலை போட்டு உட்கார்ந்தார். மருமகனைவிட அவர்தான் நன்றாகச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால் மதினியும் நானும் சேர்ந்தே அந்தக் கடைக்குப் போவோம். வாங்குவது கொஞ்சம், வாசிப்பது ஜாஸ்தி. எனக்காக ஒவ்வொரு பாத்திரமாக எடுத்துப் பேரை உரக்கப் படிப்பார். இப்போது கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். பாய் எங்கே போனாரோ. மதினியும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு சொம்பைத் திருப்பிப் பார்த்து, "இவ பேரு உலகம்மா, மதினி. புருசன் என்ன சொல்லி வித்தானோ" என்று கதை கட்ட, எனக்கு இப்போது ஆள் இல்லை.