இறங்கிக்கொண்டே இருந்த சீட்

ஃபிரிஸ்கோ என்ற அமெரிக்க ஊரில் நாங்கள் வீடு வாங்கிய வருஷம் என் மாமியார் திருச்சியிலிருந்து வந்து தங்கியிருந்தார். தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு இன்னும் கூரைகூடப் போடவில்லை. நானும் மனைவியும் காலையில் ஆளுக்கொரு காரில் கிளம்பிவிட்டால் சாயங்காலம்வரை அவர் தனியாகத்தான் இருப்பார். தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு, என்னிடம் இன்னும் குறைவு. நான் ஹாலுக்குள் வந்தால் சோபாவிலிருந்து எழுந்துவிடுவார்.

சனிக்கிழமை காலைகளில் நானும் மனைவியும் சைக்கிள் ஓட்டுவோம். அவளுடையது குறுக்குக் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிள். சீட்டை நானே அவளுக்கு அளந்து வைத்திருந்தேன். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் மடங்காமல் நேராக நிற்க வேண்டும். அந்த உயரம் தெரிவதற்காக சீட் கம்பியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை அவள் ஏறி உட்கார்ந்த வேகத்தில் இறங்கிவிட்டாள்.

"சீட்டை எறக்கிட்டீங்களா? முட்டி வந்து நெஞ்சுல இடிக்குது."

குனிந்து பார்த்தேன். டேப்பைக் காணோம். கம்பி முழுக்கக் குழாய்க்குள் போயிருந்தது. கம்பியை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்து வழுக்கியிருக்கும் என்று நினைத்தேன். கம்பியை உருவி, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, லீவர் வைத்த புதுக் கிளாம்ப் வாங்கிப் பொருத்தினேன். சரியாக இறுகியிருக்கிறதா என்று என் முழு எடையையும் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். இம்மிகூட அசையவில்லை.

அடுத்த வாரம், சனிக்கிழமைக்கு முன்பே, கராஜில் எதையோ தேடும்போது தற்செயலாகப் பார்த்தேன். சீட் மறுபடி அடிமட்டத்தில் இருந்தது. யாரும் உட்காராமல் கம்பி தானாக எப்படி இறங்கும்? டயரைத் தொட்டேன். விரலில் ஈரக் களிமண் ஒட்டியது.

நாங்கள் இல்லாத நேரத்தில் யாரோ கராஜுக்குள் வந்து போகிறார்கள். உள்ளே மாமியார் ஒற்றை ஆளாக இருக்கிறார். மனைவியிடம் சொன்னேன். சாப்பிடும்போது இருவரும் மாமியாரிடம் விஷயத்தைச் சொல்லி, எந்தக் கதவையும் திறக்கக் கூடாது, கராஜ் பக்கத்துத் தாழ்ப்பாளைப் போட்டே வைக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னோம். அவர் தட்டைப் பார்த்தபடி தலையை ஆட்டினார். யார் என்ன என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

மறுநாள் எனக்கு வேலை ஓடவில்லை. மதியமே கிளம்பிவிட்டேன். எங்கள் வீடுகளுக்கு கராஜ் பின்பக்கம், அதற்கென்று ஒரு சந்து உண்டு. சந்துக்குள் காரைத் திருப்பியதும் பிரேக்கை மிதித்துவிட்டேன்.

எதிரே சைக்கிளில் என் மாமியார் வந்துகொண்டிருந்தார். மகளின் டிராக் பேண்ட், மேலே ஒரு நீளமான குர்தா, காலில் ஷூ. அவரைப் புடவையில்லாமல் நான் பார்த்ததே இல்லை. அவரும் என்னைப் பார்த்துவிட்டார். ஹாண்டில் ஆடியது, அவர் உடலைத் திருப்பியதும் சீட் அவரோடு சேர்ந்து ஒரு பக்கமாகச் சுழன்றது. வேலியோரம் சரிந்து விழுந்தார்.

ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். சைக்கிளை நிமிர்த்தியபோது இன்னொரு அதிர்ச்சி. கிளாம்ப் லீவரை மடக்கித் தள்ளினால்தான் அது கம்பியைக் கவ்விப் பிடிக்கும். அவர் அதைத் திருகாணி மாதிரிச் சுற்றி மட்டும் விட்டிருந்தார். சீட் வெறுமனே குழாய்க்குள் நின்றுகொண்டிருந்தது. புதுக் கிளாம்ப் போட்டதிலிருந்து அப்படியேதான் ஓட்டியிருக்கிறார்.

"தாழ்ப்பாள் போடச் சொன்னப்பவே சொல்லியிருக்கணும் மாப்பிள்ளை. வாய் வரல" என்றார்.

எப்போது ஓட்டக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"இங்கதான். ரெண்டு வாரமா."

யாரும் பிடிக்கவில்லையாம். சீட்டை இறக்கிவிட்டு, இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்கார்ந்து, சந்து முழுக்கக் காலால் தள்ளித் தள்ளிப் போயிருக்கிறார். பிறகு ஒரு நாள் இரண்டு காலையும் தூக்கிப் பார்த்தாராம்.

சாயங்காலம் வந்து விஷயத்தைக் கேட்டதும் என் மனைவி பொரிந்தாள். "எலும்பு ஒடைஞ்சிருந்தா என்னம்மா பண்றது? இன்ஷூரன்ஸ் கூட கிடையாது உனக்கு."

"ஒடையலையே" என்றார் மாமியார். சிராய்ப்பில் மருந்தைத் தடவிக்கொண்டே, "பகல் பூரா இந்த வீட்டுல ஒரு சத்தம் இல்லடி. கார் ஓட்ட எனக்குத் தெரியாது. நான் எங்க போவேன்?" என்றார்.



அந்த வாரக் கடைசியில் கராஜில் அவருக்கு சீட் அளந்தோம். மாப்பிள்ளை எதிரில் சைக்கிளில் உட்காரவே அவர் கூசினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்சக்கரத்தைக் கால்களுக்கு இடையில் இறுக்கிக்கொண்டேன். மனைவி ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு, குதிகால் எப்படி நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சரியான உயரம் வந்ததும் அவர் அலறாத குறை.

"கால் எட்டலையே!"

ஓட்டும்போது எட்ட வேண்டாம் அத்தை, நிற்கும்போது சீட்டைவிட்டு முன்னால் இறங்கிக்கொள்ளலாம், இவ்வளவு தாழ்வாக மிதித்தால் முட்டிவலிதான் வரும் என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் விரல் நுனி தரையில் படும் உயரத்துக்கு ராசியானார். லீவரை மடக்க வைத்தேன். உள்ளங்கையில் அதன் தடம் பதியும் அளவுக்கு அழுத்தினால்தான் சரி என்றேன். இரண்டு கையாலும் அழுத்தி மடக்கினார். சீட்டைப் பிடித்துத் திருகிப் பார்த்துக்கொண்டார். அதன்பிறகு வாரத்துக்குக் கொஞ்சமாக அவரே ஏற்றிக்கொண்டார்.

வீட்டுப் பக்கம் மட்டும்தான் ஓட்டுகிறார் என்று நம்பியிருந்தோம். ஒரு நாள் ஆபீஸில் மீட்டிங்கில் இருந்தபோது எனக்கு போன் என்று கூப்பிட்டார்கள். ஏதோ ஆகிவிட்டது என்று ஓடினேன்.

"மாப்பிள்ளை, நான்தான். கடை வாசல்ல இருக்கிற போன்லேர்ந்து பேசறேன்."

எந்தக் கடை என்று கேட்டேன். ஹைவேக்கு அந்தப் பக்கம் இருக்கும் சூப்பர்மார்க்கெட்டின் பெயரைச் சொன்னார். நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

"இங்க கொத்தமல்லி நல்லாயிருக்கு. ரெண்டு கட்டு வாங்கட்டுமா?"