ஹோமுக்குப் போகாத மெஷின்

செல்வராணியை வேலைக்கு எடுத்தபோது கந்தர்வக்கோட்டையில் என்னைக் கேலி செய்யாத ஆள் இல்லை. மரத்தில் டிசைன் வெட்டும் சிஎன்சி மெஷினை, தையல் கம்பெனியில் இருந்த பெண்ணிடம் கொடுப்பானா ஒருத்தன் என்றார்கள். கொடுத்தேன். இன்று பட்டறையில் அவள் வைத்ததுதான் சட்டம். முதலாளி என்கிற பெயர் மட்டும் எனக்கு.

ஆயுத பூசை விடுமுறை முடிந்து திறந்த அன்று காலையிலேயே அண்ணாமலை வந்து நின்றார். சென்னையில் வியாபாரம், திருமயம் பக்கம் சொந்த ஊரில் வீடு கட்டுகிறார். வாசல் நிலைக்கு மேல்பலகை கொண்டுவந்திருந்தார். பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த தேக்கு. கெட்டுப்போனால் வேறு பலகை கிடையாது. அதில் கஜலட்சுமி வெட்டி, மறுநாள் முகூர்த்தத்தில் நிலை வைக்க வேண்டும்.

பலகையை ஏற்றி மெஷினைப் போட்டால் நகரவில்லை. போட்டதும் அது தன் மூலைக்குப் போய், அங்கிருக்கும் சுவிட்சை முட்டி, கணக்கு எங்கே ஆரம்பம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பெயர் ஹோம். அன்று போகவே மாட்டேன் என்று திரையில் சிவப்பு எழுத்தைக் காட்டியது. நான் ரீசெட்டைப் போட்டு அமுக்கு அமுக்கென்று அமுக்கினேன். எனக்குப் பொறுமை கிடையாது.

"ஹோம் வேணாம்மா, நேரா வெட்ட விடு" என்றேன். அண்ணாமலையும் தலையாட்டினார்.

"அது எங்க நிக்கிதுன்னு அதுக்கே தெரியலண்ணே. எங்கிட்டு எறங்கும்னு யாரு கண்டா? மொதல்ல பலகையக் கீழ எறக்குங்க" என்றாள்.

மெஷினை ஓடவிடாமல் பிடித்து நிறுத்தும் அவசரப் பொத்தானை அமுக்கிவிட்டு, திரையில் சுவிட்ச் விளக்குகளைப் பார்த்தாள். மெஷின் தலை நட்டநடுவில் நிற்க, மூலைச் சுவிட்சின் விளக்கு மட்டும் எரிந்தது. தொடாத சுவிட்ச் எப்படி அமுங்கும்? மெயினை அணைத்து, டார்ச் அடித்துக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

நான் சர்ச்சுக்குப் போகிறவன். பட்டறைப் பூசை எல்லாம் அவள் பொறுப்பு. ஒரு மூலை விடாமல் சந்தனம் அப்பியிருக்கிறாள். கட்டைவிரலால் அழுத்தி வைத்ததில் சுவிட்சின் நாக்கு அமுங்கி, அப்படியே காய்ந்து ஒட்டிக்கொண்டது.

"நான் வச்ச பொட்டுதாங்க" என்று அண்ணாமலையிடமே சொன்னாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவள் ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டாள். கரண்டு கொடுத்து, அவசரப் பொத்தானை விடுவிக்காமலே, நாக்கை விரலால் தட்டிப் பார்த்தாள். விளக்கு எரிந்து அணைந்தது. வெட்டும் பிட்டைக் கழற்றி வைத்தாள். பிறகு பொத்தானை விடுவித்து, அதன்மேலேயே கையை வைத்துக்கொண்டு மெதுவாக ஓடவிட்டாள். மூலைக்குப் போய் முட்டி நின்றது. அப்புறம்தான் பலகையை ஏற்றச் சொன்னாள்.

சாயங்காலம் யானைகள் இரண்டும் தும்பிக்கை தூக்கி நின்றன. அண்ணாமலை பலகையைத் தடவித் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"ஆத்தா, நாளைக்கு நிலை வைக்கிறப்ப நீயும் வந்து ஒரு கை பிடிக்கணும்" என்றார்.

"வாரேங்க. பொட்டு வைக்க மட்டும் வேற ஆளப் பாத்துக்கங்க."