தெசாங்கா கழுவிய ஈப்பொறி

குளியலறையிலிருந்து மறுபடியும் அந்தச் சத்தம். பிளாஸ்டிக்கின் மேல் தேய்ப்பான் உரசும் சரக், சரக்.

அவள் சமையலறையில் விருந்துக்கு வெள்ளரி நறுக்கிக்கொண்டிருந்த நான் கத்தினேன். "தெசாங்கா! இன்னுமாடி அந்த ஈப்பொறியக் கழுவுற?"

"உன் வீட்டுப் பொறி மாதிரி நாறச் சொல்றியா, மிலுங்கா?"

முப்பது வருடங்களாக என் பக்கத்து வீட்டுக்காரி இவள். கோழி இட்ட முட்டையைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள். புருஷன் கால் கழுவாமல் வாசல்படி ஏறினால் அன்று அவனுக்கு ரொட்டி கிடையாது. எங்கள் மாச்வாச் சமவெளியில் வீட்டுக்கு வீடு பன்றி. பன்றி இருந்தால் ஈ இருக்கும். அதற்குத்தான் அந்தக் குடுவை. அடியில் தண்ணீரும் அழுகிய மீன்தலையும் போட்டால், புனல் வழியே இறங்கிய ஈ திரும்பி ஏறாது. நிறைந்ததும் கொட்டிவிட்டு, பழைய தண்ணீரைக் கொஞ்சம் மிச்சம் வைத்து மறுபடி நிரப்ப வேண்டும். நாற்றம்தான் அதன் உயிர்.

இவளோ அதைத் தேய்த்துக் கழுவி, சர்க்கரைத் தண்ணீரில் புதினா போட்டு வைத்தாள். அந்தக் கோடையில் அதுவரை விழுந்தவை இரண்டு ஈ, ஒரு வண்ணத்துப்பூச்சி. இந்த லட்சணத்தில் தெருவெல்லாம் என்னை அழுக்குப் பிடித்தவள் என்று சொல்லித் திரிந்தாள்.

அன்று எலியா திருநாள், அவர்கள் குடும்பத்தின் புனிதர் நாள். வழக்கப்படி யாரையும் அழைக்கமாட்டோம், வந்தவரைத் திருப்பி அனுப்பவும் மாட்டோம். வரப்போகிறவள் வுக்கோசாவா. தெசாங்காவின் மகள் தொப்ரிலா மூன்று வருடமாக உயிராய் நேசிக்கும் நெபோய்ஷாவின் தாய். மகனுக்குப் பார்த்த இரண்டு பெண்களை ஏற்கெனவே வேண்டாமென்றவள். தொப்ரிலாவையும் வேண்டாமென்றுவிட்டால், அந்தப் பெண்ணின் கனவு அன்றோடு முடிந்தது.

தொப்ரிலாவின் கலங்கிய கண்களுக்காக என் வீட்டு வாளியிலிருந்து அழுகிய மீன்தலைகளையும் பழைய தண்ணீரையும் கொண்டுவந்து கொடுத்தேன். "பன்றிக்கொட்டடிக்கு அந்தப் பக்கம் மாட்டு, ஈயெல்லாம் அங்க போயிடும்" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

உடை மாற்றிக்கொண்டு திரும்பினால், குடுவை முற்றத்துத் திராட்சைப் பந்தலில், விருந்து மேசைக்கு நேர் மேலே ஆடுகிறது! வந்தவர்கள் கண்ணில் படவேண்டுமாம், பளபளப்பு.

மாச்வாவின் ஈயெல்லாம் அங்கேதான். திருநாள் ரொட்டியில், வறுத்த ஆட்டில், வுக்கோசாவாவின் பிளம் சாராயத்தில்.

"என்னம்மா இது, தலைக்கு மேல?" என்றாள் வுக்கோசாவா, மூக்கைப் பொத்தியபடி.

"ஈப்பொறிங்க! இன்னிக்குக் காலைலகூடத் தேய்ச்சேன்."

"ஈயப் பிடிக்கவா, விருந்துக்குக் கூப்பிடவா?"

தெசாங்காவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. வுக்கோசாவா கைப்பையை எடுத்தாள்.

தொப்ரிலா எழுந்தாள். நாற்காலி மேல் ஏறிக் குடுவையைக் கழற்றினாள். கறுப்புத் தண்ணீர் அவளுடைய வெள்ளைச் சட்டையில் வழிந்தது.

"ஐயோ, சட்டை!" என்று அலறினாள் தாய்.

"சட்டை கெடக்கட்டும்மா" என்றவள் குடுவையை மார்போடு அணைத்துக்கொண்டு பன்றிக்கொட்டடியைத் தாண்டி ஓடினாள். ஈக்கூட்டம் பின்னாலேயே போயிற்று. திரும்பி வந்தவள் அடிகுழாயில் கை கழுவிவிட்டு, அதே சட்டையோடு ஆட்டிறைச்சியைப் பரிமாறினாள். முகம் சுளிக்கவில்லை. அழுகையை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

வுக்கோசாவா கைப்பையைக் கீழே வைத்தாள். தட்டைக் காலி செய்த பிறகுதான் கிளம்பினாள். வாசலில் நின்று தொப்ரிலாவின் நாறும் கையை எடுத்து முத்தமிட்டாள்.

"அறுவடை முடியட்டும், சம்பந்தி, கல்யாணத்த வச்சுக்கலாம். பொண்ண மட்டும் அனுப்புங்க. சோப்பு உங்ககிட்டயே இருக்கட்டும்."

நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன். வுக்கோசாவா தெருவில் இறங்கியதும் தெசாங்கா கதவை அறைந்து சாத்தினாள், என்னையும் வெளியே வைத்து.