வரிசையின் கடைசியில் மாமா

1. இன்று எங்கள் ஒர்க்‌ஷாப் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள்.
2. அந்த வாசனையில் எழுபதுகளின் தேவிகுளம் மலை நினைவுக்கு வந்தது.
3. அங்கே எங்கள் தேயிலை எஸ்டேட்டில், இரண்டாம் உலகப் போரில் இறந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகளுக்கு அம்மாதான் புல் வெட்டிச் சுண்ணாம்பு அடிப்பாள்.

அதே போருக்குப் பர்மா போன அவள் அண்ணன் திரும்பவே இல்லை. ஒரு நாள் ஆற்றுக்கல் ஒன்றைச் சுமந்து வந்து, அந்த வரிசையின் கடைசியில் அவருக்காக நட்டாள்.

"துரைமார் பக்கத்துல உனக்கென்ன கல்லு? எடு," என்றார் சூப்பர்வைசர்.

அம்மா சுண்ணாம்பு மட்டையைக் கீழே வைக்கவில்லை. "நீங்களே எடுங்க சார். அடுத்த மாசம் புல்லும் நீங்களே வெட்டுங்க. அட்டைக்கடிக்குப் பொகையில நான் தாரேன்."

அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

கல் அங்கேயே இருக்கிறது. போன மாதம் அதில் மாமாவின் பெயரை நானே வெட்டினேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.