வாடகையில் பாதி

கஜந்தி துபாயில் ஒரு பல் மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் வேலை செய்தாள். வீடு அஜ்மானில். வாடகை குறைவென்று அங்கே குடிவந்த மற்றவர்களைப் போலவே அவளும் போக வர சாலை நெரிசலில் கிடந்து வாடினாள்.

கணவன் சுஜந்தன் டெலிவரி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். முதுகெலும்பில் தட்டு விலகியதும் கம்பெனி கணக்கை முடித்து அனுப்பிவிட்டது. அவனையும் மகளையும் கஜந்தி தன் விசாவுக்கு மாற்றிக்கொண்டாள். ஒருவர் சம்பளத்தில் ஓடும் குடும்பங்களுக்கு மருத்துவமனை பாதி வாடகை கொடுத்தது. வீட்டில் யாருக்காவது வருமானம் கூடினாலோ குறைந்தாலோ உடனே தெரிவிக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

ஒரு வருடத்துக்கு மேல் சுஜந்தன் வீட்டில் இருந்தான். சமைத்தான், மகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டான். மற்ற நேரமெல்லாம் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தான். கீழே மளிகைக்கடை வைத்திருந்த காயல்பட்டினத்து செய்கு அலாவுதீன்தான் அவனைக் கல்லாவில் உட்காரக் கூப்பிட்டார். முறைப்படி அனுமதியும் எடுத்துக் கொடுத்தார். முதல் சம்பளத்தன்று சுஜந்தன் மகளுக்குப் பள்ளிக்குப் போட்டுப்போகப் புதுச் சப்பாத்து வாங்கி வந்தான். அவன் சிரித்துப் பேசுவதைக் கேட்டு கஜந்திக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியோடுதான், இதை ஆபீசில் சொல்லவேண்டும் என்றாள்.

அவன் முகம் மாறியது. அவன் சம்பளத்தைவிட அந்தப் பாதி வாடகை அதிகம்.

"நான் உழைக்கத் தொடங்கினதால வீட்டில காசு குறையுதெண்டா, நான் ஏன் வேலைக்குப் போகவேணும்? சொல்லாமல் விடும். ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமப்பா. ஒவ்வொரு நாளும் அங்க போய் இருக்கிறது நான். என்னால ஒளிச்சுக்கொண்டு திரிய ஏலாது. அதுக்கும் தெம்பு வேணும்."

நிர்வாக அலுவலர் விஜயபாஸ்கர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கஜந்தி போய்ச் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் கோப்பை எடுத்துத் திறந்தார்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா நானா கேட்டிருக்க மாட்டேன். இப்ப சொல்லிட்டீங்க. எனக்கு வேற வழியில்லம்மா."

அடுத்த மாதமே உதவி நின்றது. இரண்டு அறை வீட்டை விட்டு, அதே தெருவில் ஓர் ஒற்றை அறைக்கு மாறினார்கள். கட்டில்களுக்கு நடுவில் அலமாரியை நிறுத்தி மகளுக்கு ஒரு மூலை உண்டாக்கினார்கள். சுஜந்தன் பல நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் வேலையை விடவில்லை. படுத்துக்கிடந்த பழைய சுஜந்தனைவிட இந்தக் கோபக்காரன் மேல் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பிறகு எதிர்ப்புறம் பெரிய சூப்பர்மார்க்கெட் வந்தது. அலாவுதீன் கடையில் வியாபாரம் படுத்தது. வேலை நேரம் பாதியானது, சம்பளமும் பாதியானது. இதையும் போய்ச் சொன்னால்தான் உதவியை மறுபடி கேட்க முடியும். கஜந்தி வாரக்கணக்கில் தள்ளிப்போட்டாள். வீட்டுக் கதையை இன்னொரு தரம் மேசைக்கு முன்னால் நின்று சொல்ல அவளால் முடியவில்லை. அதைச் சுஜந்தனிடம் சொல்லும்போது சோர்வில் அழுதுவிட்டாள்.

சுஜந்தன் தன் விடுமுறை நாளில் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு அவளோடு பேருந்தில் ஏறினான். விஜயபாஸ்கரின் எதிரில் உட்கார்ந்து, "இது என்ர சம்பளம். கூடினதை அவ வந்து சொன்னா. குறைஞ்சதை நான் சொல்லுறன்" என்றான்.

விஜயபாஸ்கர் மேலிடத்தில் பேசுவதாகச் சொன்னார். இரண்டு மாதம் இழுத்தடித்து, பழையதில் ஒரு பகுதியைத்தான் அனுமதித்தார்கள். பெரிய வீட்டுக்குத் திரும்ப அது போதாது. அறைக்கு ஒரு நல்ல ஏசி வாங்கினார்கள். சம்பளம் மாறினால் இப்போது மருத்துவமனைக்குத் தெரிவிப்பது சுஜந்தன்தான். அந்த ஒரு வேலையாவது தன் தலையிலிருந்து இறங்கியதே என்று கஜந்தி பேருந்தில் கண்ணை மூடிக்கொள்கிறாள்.