படப்புக்குள் இருந்த திரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருசம் தள்ளிப்போட்டுவிட்டேன். பேனாவை எடுப்பேன், மாரியாத்தாளைக் கும்பிடுவேன், கை ஓடாது, வைத்துவிடுவேன். எட்டாவது வரைக்கும் படித்தவள் நான். தெரிந்த மட்டும் சொல்கிறேன்.

ஆமத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். என் கொழுந்தன் பெண்சாதி பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து ரூமில் வேலை பார்த்தாள். தீபாவளி ஆர்டர் நெருக்கிய நேரம், போர்மேன் அந்தச் சின்ன ரூமில் கூடுதலாக ஆளை உட்கார வைத்தார். அவரும் எங்கள் தெருக்காரர்தான். ரூம் வெடித்ததில் அவள் போய்விட்டாள். போர்மேன் பெண்சாதி மட்டும், புருசனைக் கூட்டாமல், தனியாக எங்கள் வீட்டுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தாள்.

கொழுந்தன் போர்மேன் மேல் புகார் கொடுத்தான். கேஸ் வாய்தா வாய்தாவாக இழுத்தது. ஆனாலும் அந்த ரூமிலிருந்து தப்பின ரெண்டு பொம்பளைகள் உள்ளதைச் சொல்ல ஒத்துக்கொண்டிருந்தார்கள். அவள் சாவுக்கு ஒரு தீர்ப்பு வந்தால் போதும் என்றிருந்தோம்.

போர்மேன் ஜாமீனில் வந்து பழையபடி டீக்கடையில் உட்கார்ந்தார். அங்கன வைத்து எவனோ கொழுந்தனைக் கேட்டிருக்கிறான்: "ஏலே, பொண்டாட்டிய வாரிக் குடுத்துட்டு வெள்ளை வேட்டி கட்டி வாய்தாவுக்குப் போறியாக்கும்?"

மறுநாள் மத்தியானம் கொழுந்தன் போர்மேன் வீட்டு வைக்கோல் படப்பில் தீ வைத்துவிட்டான். வைக்கோல் எரியும், மனசு ஆறும், அம்புட்டுத்தான் அவன் கணக்கு.

சீசனில் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு களவாகப் பட்டாசுத் திரி கட்டுவார்கள். சூலக்கரையிலிருந்து போலீஸ் ஜீப் வருகிறது என்றால் கட்டெல்லாம் படப்புக்குள் போய்விடும். திரியிலேயே வளர்ந்தவனுக்கு அந்த நேரம் அது நினைப்பில் வரவில்லை. போர்மேன் பெண்சாதி பக்கத்தில் கட்டியிருந்த மாட்டை அவிழ்க்க ஓடினாள். படப்பு வெடித்தது. முகமும் ரெண்டு கையும் வெந்து, உயிர் மட்டும் தங்கியது.

ஆஸ்பத்திரி வாசலில் கொழுந்தன் என் காலடியில் உட்கார்ந்து, "வைக்கோலுக்குத்தான் மதினி வச்சேன்" என்றான்.

ஊர் கூடி ராஜி பேசியது. நீங்கள் உங்கள் கேஸை அழுத்தாதீர்கள், அவர்கள் அவர்கள் கேஸை அழுத்த மாட்டார்கள் என்றார்கள். படப்பு தானாகப் பற்றியதாக ஆனது. ரெண்டு பொம்பளைகளும் கோர்ட்டில் ஞாபகமில்லை என்றார்கள். போர்மேன் விடுதலை. பெண்சாதி சாவைக் கொடுத்துத்தான் கொழுந்தனை மீட்டோம். அவள் படத்துக்கு விளக்கேற்றும்போது நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.

போன பங்குனிப் பொங்கலுக்குக் கோயில் வரிசையில் போர்மேன் பெண்சாதி என் பக்கத்தில் நின்றாள். முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள்.

"விரல் மடங்க மாட்டேங்குதுக்கா. குங்குமத்தை நீங்களே வச்சு விடுங்க."

வைத்துவிட்டேன். மெதுவாகக் கேட்டாள்: "உள்ள திரி கெடந்தது ஒங்க கொழுந்தனுக்குத் தெரியுமாக்கா?"

"ஆத்தா சத்தியமா தெரியாதும்மா."

"நானும் அதத்தான் சொல்லுதேன். ஒருத்தரும் நம்ப மாட்டேங்காக."

தெரிந்தே வைத்தான் என்கிறார்கள் பாதிப் பேர். ஆம்பளை மாதிரி செய்தான் என்கிறார்கள் இளவட்டங்கள். ரெண்டும் இல்லை. யாரிடமாவது இதைச் சொன்னால், வைக்கோல் என்று நினைத்ததையும், சாட்சிகளின் வாய் அடைத்துப் போனதையும், போர்மேன் பெண்சாதிக்குப் பொட்டு வைக்க விரல் மடங்காததையும் இருந்தபடியே சொல்லுங்கள். எதையும் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.