பெருவிரலால் மூடிய அறைகள்

வெர்லின் ஹாஸ் எதற்கும் குனிவதில்லை. அக்டோபரில் முதல் உறைபனி விழுந்த காலையில், கம்பளிக் காலுறையோடு அறை அறையாகப் போவார். தரையில் பதித்த காற்றுத் தட்டின் விசையைக் கால் பெருவிரலால் நெம்புவார். தட்டு மூடிக்கொள்ளும். நிலவறைக் கணப்பு குழாய் வழியாக ஊதும் சூடான காற்று அதன்பின் அந்த அறைக்கு வராது. பக்கத்து வீட்டுக்காரியான எனக்கு, என் சமையலறையில் பாத்திரம் கழுவும்போது, சன்னலுக்குச் சன்னல் அவர் ஒற்றைக் காலில் நிற்பது தெரியும்.

மகள் ஜொடீன் கல்யாணமாகி அரிசோனா போனதும் அவள் அறையை மூடினார். மனைவி லொரேட்டா இறந்தபின் அவளுடைய தையல் அறையை. அப்புறம் படுக்கையறையையும். முன்னறைச் சாய்வு நாற்காலியிலேயே தூங்கினார், காது மூடும் வேட்டைத் தொப்பியோடு. "ஆளில்லாத ரூமுக்குச் சூடு எதுக்கு? சுவரு குளிருதுன்னு அழுவுதா?" என்பார். எங்கள் ஊரில் பலரும் இப்படித்தான். தேவாலயத்து வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், ஆண்கள் பிடித்த மீனின் நீளத்தைச் சொல்வது போல எரிவாயுக் கட்டணத்தைச் சொல்லிக்கொள்வார்கள். எப்போதும் வெர்லினுடையதுதான் குறைவு.

மாவட்டச் சாலைகளில் பனி வழிக்கும் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்ற பின் ஒரு பழைய சிவப்பு பிக்கப் வண்டியின் முன்னால் பனி வழிக்கும் தகடு பூட்டி, விடியுமுன் எங்கள் சந்து முழுவதும் வழித்துவிடுவார். பணம் வாங்கமாட்டார். ஆப்பிள் பை சுட்டுக் கொடுத்தால் வாங்குவார், அதற்கும் ஒரு குறை சொல்வார். "மாவு கொஞ்சம் அழுத்தம்மா. பரவால்ல, திங்கலாம்."

போன ஜூலையில் என்னைக் கூப்பிட்டு ஏசிக் குழாயைக் காட்டினார். அதன்மேல் வெள்ளையாகப் பனிக்கட்டி படிந்திருந்தது. "பாரும்மா, ஊரே வேகுது, எனக்கு மட்டும் பனி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அது ஏன் உறைகிறது என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. சில நாளில் ஏசி நின்றே போனது.

நவம்பரில் அவருக்குத் தலைவலி வந்தது. காப்பிதான் காரணம் என்றார். தலைவலி விடாததால் எரிவாயு நிறுவனத்து ஆள் கருவியோடு வந்து பார்த்தார். கணப்பின் உள்ளிரும்பு விரிசல் விட்டு, வாசனையில்லாத நச்சுக்காற்று வீட்டுக்குள் கசிந்துகொண்டிருந்தது. வாயுவை அடைத்து, இனி எரிக்கக்கூடாது என்ற சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார்.

புதிய கணப்பு மாட்டித்தரும் டெரல் வந்தபோது நான் சூப் கொண்டுபோயிருந்தேன். அவர் நிலவறையில் அதிக நேரம் இருக்கவில்லை. மேலே ஏறி அறைகளைத்தான் பார்த்தார்.

"பெரியவரே, எத்தனை ரூம அடைச்சு வெச்சிருக்கீங்க?"

"ஆளில்லாத ரூம் எல்லாம்."

"அது வீடு முழுக்க ஊதற மெஷினு. காத்துக்குப் போக்கிடம் இல்லன்னா சூடு உள்ளயே நின்னு இரும்பு வெடிச்சிரும். கோடையில ஐஸ் கட்டி ஏசி போனதும் இதாலதான். ரெண்டையும் சேத்து மாத்தணும்."

"எல்லாரும்தானேப்பா மூடுறாங்க."

"ஆமா. என் பொழப்பே அவங்களாலதான் ஓடுது."

பன்னிரண்டாயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்றார். வெர்லின் பேரம் பேசவில்லை. தொப்பியைக் கழற்றி அதன் உட்புறத்தைப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். இத்தனை வருடம் மூடி மூடி மிச்சம் பிடித்தது அதில் பாதிக்குக்கூடக் காணாது.

வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி ஜொடீன் போனில் சொன்னாள்.

"அங்க வந்து எதைம்மா வழிக்கறது, மணலையா?"

"இன்னும் யாருக்குப்பா வழிக்கணும் நீங்க?"

வெர்லின் போனை வைத்தார். தண்ணீர்க் குழாய்கள் உறையாமலிருக்க எல்லாவற்றையும் சொட்டவிட்டு, சின்ன மின்கணப்பு ஒன்றின் முன்னால் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். விற்பதற்கு அவரிடம் இருந்தவை வீடும் வண்டியும்தான்.

வண்டியை வாங்க வேறு மாவட்டத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். வெர்லின் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து எங்கள் சந்து முழுவதும் ஒரு சுற்றுச் சுற்றினார். திரும்பி வந்து சாவியைக் கொடுக்கும்போது, "இந்த அம்மா வீட்டு வளைவுல பிளேடைக் கொஞ்சம் தூக்கிக்கப்பா, அடியில கல்லு இருக்கு" என்றார். இந்தச் சந்துக்கு இனி வரவே போகாத அந்த ஆள், சரி என்று தலையாட்டினார்.

டெரல் புதிய கணப்பையும் ஏசியையும் மாட்டினார். ஒரு தட்டையும் மூடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மற்ற அறைகளை வெர்லின் பெருவிரலாலேயே திறந்தார். தையல் அறை விசை மட்டும் அசையவில்லை. அதற்கு முழங்காலிட்டு உட்கார்ந்தார். திருப்புளியால் நெம்பியபோது நூல் பிசிறும் துருப்பிடித்த குண்டூசி ஒன்றும் வெளியே வந்தன. ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டார்.

இப்போது எங்கள் சந்தில் கூலி ஆள் ஒருவர் வழிக்கிறார். வழித்த பனியை என் வாசலில் குவித்துவிட்டுப் போகிறார். வெர்லின் வீட்டில் காலி அறைகள் உட்பட எல்லா அறைகளும் சூடாக இருக்கின்றன. தொப்பியை அவர் இன்னும் கழற்றவில்லை. காலையில் நான் பாத்திரம் கழுவும் நேரத்தில், தையல் அறையில் லொரேட்டாவின் நாற்காலியில் உட்கார்ந்து, காலுறையைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் காற்றுத் தட்டின்மேல் வைத்துக்கொண்டிருக்கிறார்.